எல் அலமைனின் ஜூலை



எல் அலமைன் என்றதும் நம்மில் பலருக்கு நினைவுக்கு வருவது 1942 அக்டோபர் 23ஆம் தேதி இரவு. ஏறக்குறைய 900 பீரங்கிகள் ஒருசேர முழங்கிய இரவு அது. பிரிட்டிஷ் தளபதி மான்ட்கோமரி, ஜெர்மன் தளபதி ரோமெல் என்ற இரண்டு பெயர்கள் கூடவே வரும். நவம்பர் 15ஆம் தேதி பிரிட்டன் முழுவதும் தேவாலய மணிகளை ஒலிக்கவிட்டு அந்த வெற்றியைக் கொண்டாடினார்கள். நான் இன்று பேச வந்திருப்பது அதற்கு மூன்றரை மாதம் முந்தைய அலமைனைப் பற்றி. அந்த ஜூலைப் போருக்கு யாரும் மணி அடிக்கவில்லை. அதை நடத்திய தளபதிக்குப் பதவி போயிற்று. ஆனாலும், பாலைவனப் போரின் தலைவிதி அந்த ஜூலை மாதத்தில், அதிலும் முதல் மூன்று நாட்களில் தீர்மானமாகிவிட்டது என்பது என் முடிவு. ஏன் அப்படிச் சொல்கிறேன் என்பதை உங்கள் முன் வைக்கிறேன்.

முதலில் நிலத்தைக் கண்முன் நிறுத்திக்கொள்ள வேண்டும். லிபியாவிலிருந்து நைல் நதியை நோக்கி மத்தியதரைக் கடலை ஒட்டியே ஒரு சாலை போகிறது. சாலைக்குத் தெற்கே திறந்த பாலைவனம். அங்கே எந்த இடத்தில் அரண் அமைத்தாலும், அதன் தென்கோடி வெட்டவெளியில்தான் முடியும். எதிரி அந்தப் பக்கமாகச் சுற்றிவந்து முதுகில் அடிக்கலாம். 1942 மே 26ஆம் தேதி இரவு கஸாலா அரணை ரோமெல் அப்படித்தான் சுற்றி வந்தார். இரண்டு வருடமாக அந்தப் பாலைவனத்தில் நடந்த எல்லாப் போர்களிலும், இருதரப்பும் ஒருவர் பக்கவாட்டை மற்றவர் தேடிக்கொண்டே இருந்தார்கள்.

நைலுக்கு மேற்கே ஓரிடத்தில் மட்டும் இந்த விளையாட்டு செல்லாது. அலெக்சாண்டிரியாவுக்கு மேற்கே 100 கிலோமீட்டர் சொச்சத்தில் எல் அலமைன் என்ற சிறிய ரயில் நிலையம். அதிலிருந்து தெற்கே 60 கிலோமீட்டர் போனால் கத்தாரா பள்ளம் தொடங்குகிறது. அதன் ஆழமான பகுதி கடல் மட்டத்துக்கு 133 மீட்டர் கீழே இருக்கிறது. விளிம்பில் செங்குத்தான பாறைச் சரிவு, உள்ளே உப்புச் சதுப்பு. டாங்கிகளும் லாரிகளும் கொண்ட ஒரு படை அதைக் கடந்து போக முடியாது. வடக்கே கடல், தெற்கே பள்ளம், நடுவில் அந்த 60 கிலோமீட்டர். எகிப்துக்குள் நுழைய வேண்டுமானால் அந்த வழியாகத்தான் நுழைய வேண்டும். நேருக்கு நேர் மோதித்தான் நுழைய வேண்டும்.

வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என்று வள்ளுவர் மூன்று அதிகாரங்களை அடுத்தடுத்து வைத்திருக்கிறார். அலமைனின் ஜூலையை இந்த மூன்றில் கடைசியிலிருந்து முன்னோக்கிப் படிக்க வேண்டும். முதலில் இடம் அமைந்தது. அந்த இடம் காலத்தைக் கொடுத்தது. காலம்தான் பிறகு வலிமையைக் கொண்டுவந்தது.

ஜூன் மாதக் கடைசியில் நிலைமை எப்படி இருந்தது என்பதைச் சொல்ல வேண்டும். ஜூன் 21 அன்று லிபியாவின் டோப்ருக் துறைமுகம் வீழ்ந்தது. ஏறக்குறைய 33,000 பேர் சிறைப்பட்டார்கள். தென்னாப்பிரிக்கர்களும் பிரிட்டிஷாரும் அவர்களில் இருந்தார்கள், 11வது இந்தியப் பிரிகேடும் இருந்தது. செய்தி வந்தபோது சர்ச்சில் வாஷிங்டனில் ரூஸ்வெல்ட்டுடன் பேசிக்கொண்டிருந்தார். அந்த அதிர்ச்சியில்தான் ரூஸ்வெல்ட் 300 ஷெர்மன் டாங்கிகளை அனுப்ப முன்வந்தார். ரோமெலுக்கு ஃபீல்டு மார்ஷல் பதவி கிடைத்தது. ஜூன் 25 அன்று மத்தியக் கிழக்கின் பிரிட்டிஷ் தலைமைத் தளபதி ஆக்கின்லெக், அங்கே போரிட்ட எட்டாவது ராணுவத்தின் நேரடிப் பொறுப்பைத் தாமே ஏற்றார். நான்கு நாளில் எகிப்துக்குள் இருந்த மெர்சா மத்ரூவும் போயிற்று. அலெக்சாண்டிரியாவை விட்டு பிரிட்டிஷ் கடற்படை வெளியேறியது. கெய்ரோவில் பிரிட்டிஷ் அலுவலகங்கள் கோப்புகளைக் குவித்துக் கொளுத்தின. வெற்றி ஊர்வலமாகக் கெய்ரோவுக்குள் நுழையும் எண்ணத்தோடு முசோலினி லிபியாவுக்கே வந்து காத்திருந்தார்.

இந்த இடத்தில் ரோமெல் எடுத்த ஒரு முடிவைச் சற்று நின்று பார்க்க வேண்டும். டோப்ருக்கைப் பிடித்ததும் எகிப்து எல்லையில் நிற்பது, பிறகு மால்டா தீவைக் கைப்பற்றுவது என்பதுதான் ஹிட்லரும் முசோலினியும் வசந்தத்தில் ஒப்புக்கொண்ட திட்டம். இத்தாலியிலிருந்து வட ஆப்பிரிக்காவுக்குப் போகும் கப்பல்களை வேட்டையாடும் விமானங்களும் நீர்மூழ்கிகளும் மால்டாவிலிருந்துதான் கிளம்பின. அந்தத் தொல்லையை முதலில் ஒழிக்க வேண்டும் என்று ஜெர்மன் தளபதி கெஸ்ஸெல்ரிங் வாதிட்டார். ரோமெல் கேட்கவில்லை. எதிரி ஓடிக்கொண்டிருக்கிறான், நைல் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது, இப்போது நிற்பதா என்றார். ஹிட்லர் அவர் பக்கம் சாய்ந்தார். மால்டா திட்டம் தள்ளிப்போடப்பட்டது.

ரோமெலைப் பற்றி நம்மூரில் ஒரு வீரவழிபாடு உண்டு. அதனால் இதை அழுத்திச் சொல்கிறேன். திரிப்போலி துறைமுகத்திலிருந்து அலமைன் 2,000 கிலோமீட்டருக்கு மேல். பெங்காசியிலிருந்து ஏறக்குறைய 1,000. டோப்ருக்கிலிருந்தே 500க்கு மேல். அந்தத் துறைமுகத்தின் கொள்ளளவோ சிறியது, பிரிட்டிஷ் விமானங்கள் குண்டு போடும் எல்லைக்குள் இருந்தது. முன்வரிசைக்கு ஒரு பீப்பாய் பெட்ரோல் வந்து சேர, அதைச் சுமந்துவரும் லாரிகள் வழியெல்லாம் பெட்ரோலைக் குடித்தன. சுண்டைக்காய் கால்பணம், சுமைகூலி முக்கால்பணம் என்ற நிலை. ஒவ்வொரு வெற்றியும் அவரைத் தம் கிடங்கிலிருந்து தள்ளிக்கொண்டு போனது, எதிரியை அவன் கிடங்கின் வாசலில் கொண்டு நிறுத்தியது. வேகமும் துணிச்சலும் அவரிடம் நிறைய இருந்தன. இந்தக் கணக்கை அவற்றால் ஈடுகட்டிவிடலாம் என்று அவர் நம்பினார். தளவாடக் கணக்கைப் பார்க்க மறுப்பது ஒரு தளபதியின் பெரிய குறை. அந்தக் குறையின் விலையை அவருடைய சிப்பாய்கள் கொடுத்தார்கள்.

ஜூலை 1, காலை. ஜெர்மன் ஆப்பிரிக்கப் படையிடம் அன்று ஓடும் நிலையில் இருந்த டாங்கிகள் 55. ரோமெலின் திட்டம் வழக்கமானதுதான்: இரவோடு இரவாக பிரிட்டிஷ் அரண்களுக்கு நடுவே இருந்த இடைவெளி வழியே புகுந்து பின்பக்கம் போய்விடுவது. அப்படிப் போனால் பிரிட்டிஷார் மத்ரூவில் ஓடியதுபோலவே ஓடிவிடுவார்கள் என்று எதிர்பார்த்தார். வழியில் தெய்ர் எல் ஷெய்ன் என்ற ஆழமற்ற தட்டையான பள்ளம். அங்கே ஒரு படை இருப்பதே ஜெர்மானியருக்குத் தெரியாது.

அங்கே இருந்தது 18வது இந்தியப் பிரிகேட். ஈராக்கிலிருந்து அவசரமாக வரவழைக்கப்பட்டு, ஜூன் கடைசி நாட்களில்தான் அந்தப் பள்ளத்துக்கு வந்து சேர்ந்திருந்தது. அதில் மூன்று பட்டாலியன்கள்: எஸெக்ஸ் ரெஜிமென்ட்டைச் சேர்ந்த பிரிட்டிஷார், 11வது சீக்கிய ரெஜிமென்ட்டின் 4வது பட்டாலியன், 3வது கூர்க்கா ரைஃபிள்ஸின் 2வது பட்டாலியன். பாலைவனச் சண்டை அவர்களுக்குப் புதிது. தரையோ பாறை, பதுங்குகுழி வெட்டப் போதிய கருவி இல்லை, கண்ணிவெடியும் முழுமையாகப் புதைத்தாகவில்லை. கையில் 23 பீரங்கிகள், சில டாங்கி எதிர்ப்புத் துப்பாக்கிகள், 9 மடில்டா டாங்கிகள். புழுதிக்காற்று வீசிக்கொண்டிருந்தது. காலையில் தொடங்கிய தாக்குதலை அவர்கள் சாயங்காலம் வரை தாங்கினார்கள். உதவிக்கு வர வேண்டிய டாங்கிப் படை நேரத்துக்கு வந்து சேரவில்லை. இருட்டும்போது அந்தப் பிரிகேட் ஒரு பிரிகேடாக இல்லாமல் போயிற்று. ஜெர்மானியரிடம் மிஞ்சிய டாங்கிகள் 37. பதினெட்டு டாங்கிகளும் ஒரு முழுப் பகலும் அந்தப் பள்ளத்தில் போய்விட்டன.

பதினெட்டு டாங்கிகள் என்றால் பெரிய எண்ணிக்கையாகத் தோன்றாது. ஆனால் 55இல் பதினெட்டு என்பது மூன்றில் ஒரு பங்கு. அந்தப் பகலின் விலை அதைவிடப் பெரிது. ரோமெலின் திட்டம் முழுவதும் எதிரிக்கு மூச்சுவிட நேரம் கொடுக்காமல் இருப்பதை நம்பியிருந்தது. அந்த ஒரு பகலில் ஆக்கின்லெக் ருவைசத் மேட்டில் பீரங்கிகளைச் சேர்த்துவிட்டார். வடக்கே அதே பகலில் ஜெர்மனியின் 90வது லைட் டிவிஷன் தென்னாப்பிரிக்கர்களின் பீரங்கிச் சூட்டில் சிக்கிக் கலைந்தது. அதை ஊக்கப்படுத்த வந்த ரோமெலும் சூட்டில் மாட்டிக்கொண்டு தரையோடு தரையாகக் கிடக்க நேர்ந்தது. ஜூலை 3 அன்று நியூசிலாந்துக்காரர்கள் இத்தாலியின் அரியெட்டே டிவிஷனைச் சிதறடித்து அதன் பீரங்கிகளைப் பிடித்தார்கள். அன்று மாலை ரோமெலிடம் இருந்தவை 26 டாங்கிகள். முன்னேறுவதை நிறுத்தி, பதுங்குகுழி வெட்டச் சொன்னார். கெய்ரோவை நோக்கிய ஓட்டம் அங்கே நின்றது.

என்னைக் கேட்டால், இரண்டாம் உலகப் போரைப் பற்றி இந்தியாவில் எழுதப்படும் ஒவ்வொரு நூலிலும் தெய்ர் எல் ஷெய்னுக்கு ஒரு பக்கமாவது இருக்க வேண்டும். பெரும்பாலான நூல்களில் ஒரு வரிகூட இல்லை என்பது என்னை வருத்துகிறது.

அதற்குப் பிறகு அந்த மாதம் முழுக்க நடந்த சண்டைகளை விரிக்க நேரமில்லை. ஆக்கின்லெக் ஜெர்மானியரை விட்டுவிட்டு, பக்கத்தில் நின்ற இத்தாலியப் படைகளையே திரும்பத் திரும்ப அடித்தார். அவர்களைக் காப்பாற்ற ஜெர்மானியர் இங்குமங்கும் ஓடிப் பெட்ரோலைத் தீர்த்தார்கள். ருவைசத் மேட்டில் 5வது இந்திய டிவிஷன் பலமுறை மோதியது. ஆக்கின்லெக்கின் எதிர்த்தாக்குதல்கள் சில படுமோசமாக முடிந்தன என்பதையும் மறைக்கக் கூடாது. காலாட்படைக்கும் டாங்கிப் படைக்கும் இடையே ஒத்துழைப்பு இல்லாமல் நியூசிலாந்துக்காரர்கள் வீணாகப் பலியானார்கள். எட்டாவது ராணுவம் அந்த மாதத்தில் 13,000 பேருக்கு மேல் இழந்தது.

ஆனால் வெளியே தெரியாமல் நடந்த ஒன்றைச் சொல்லியாக வேண்டும். கெய்ரோவில் இருந்த அமெரிக்க ராணுவப் பிரதிநிதி பான்னர் ஃபெல்லர்ஸ், பிரிட்டிஷ் படைகளின் நிலையையும் திட்டத்தையும் விரிவாக எழுதி வாஷிங்டனுக்கு அனுப்பிக்கொண்டிருந்தார். அவர் பயன்படுத்திய சங்கேதமுறையை இத்தாலியர் திருடியிருந்தார்கள், ஜெர்மானியரும் உடைத்திருந்தார்கள். ஆகவே பல மாதங்கள் ரோமெல் எதிரியின் உள்வீட்டுக் கடிதங்களைப் படித்துக்கொண்டே போர் நடத்தினார். ஜூன் இறுதியில் அந்த ஊற்று அடைபட்டது. ஜூலை 10 அன்று தெல் எல் ஈசாவில் ஆஸ்திரேலியர்கள் பாய்ந்தபோது, ரோமெலின் வானொலி ஒட்டுக்கேட்புப் பிரிவும், 621வது கம்பெனி, ஆவணங்களோடு பிடிபட்டது. பத்துப் பன்னிரண்டு நாட்களில் அவருடைய இரண்டு காதுகளும் போயின. பாலைவன நரி என்று பெயரெடுத்த ரோமெலின் மாயாஜாலத்தில் எவ்வளவு பங்கு இந்தக் காதுகளுக்கு உரியது என்பது அதற்குப் பிறகு அவர் நடத்திய போர்களைப் பார்த்தால் விளங்கும்.

சரி, அந்த 60 கிலோமீட்டர் உடைந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்?

சூயஸ் கால்வாய் என்று உடனே சொல்வார்கள். அந்த நேரத்தில் மத்தியதரைக் கடல் வழி அடைபட்டிருந்தது. பிரிட்டிஷ் கப்பல்கள் நன்னம்பிக்கை முனையைச் சுற்றித்தான் எகிப்துக்கு வந்தன. ஆகவே குறுக்கு வழி என்ற பொருளில் கால்வாயின் மதிப்பு அப்போது குறைவு. அதைவிடப் பெரியது அதற்குக் கிழக்கே இருந்த எண்ணெய். ஈராக்கின் எண்ணெய்க் குழாய் ஹைஃபாவில் முடிந்தது. பாரசீக வளைகுடாவின் தலையில் அபாதான் சுத்திகரிப்பு நிலையம் இருந்தது; இந்தியப் பெருங்கடலில் ஓடிய நேசநாட்டுக் கப்பல்களும் இந்தியாவில் இருந்த படைகளும் அந்த எண்ணெயை நம்பித்தான் இருந்தன. ஜூன் 28 அன்று ஜெர்மனி ரஷ்யாவில் தன் கோடைகாலத் தாக்குதலைத் தொடங்கியது. அதன் இலக்கு காகசஸ் எண்ணெய் வயல்கள். ஆகஸ்ட் 9 அன்று மைகோப் வீழ்ந்தது. வடக்கே காகசஸ், தெற்கே எகிப்து என்று ஒரே எண்ணெய் நிலத்தை நோக்கி இரண்டு கரங்கள் நீண்டன.

ஈரான் வழியாக ரஷ்யாவுக்குப் போன அமெரிக்க உதவியையும் இதோடு சேர்த்துப் பாருங்கள். ரோமெல் அலமைனில் மோதிய அதே வாரத்தில், ஆர்க்டிக் கடல் வழியே ரஷ்யாவுக்குப் போன பி.கியூ. 17 என்ற கப்பல் அணி சிதறி, 24 சரக்குக் கப்பல்கள் மூழ்கின. அந்த வழி கொஞ்சகாலம் நிறுத்தப்பட்டது. பாரசீக வழி அப்போதுதான் உயிர்நாடியாக மாறத் தொடங்கியது. போர் முடியும்போது ரஷ்யாவுக்குப் போன அமெரிக்க உதவியில் ஏறக்குறைய கால் பங்கு அந்த வழியே போயிருந்தது.

26 டாங்கிகளோடு ரோமெல் பாக்தாத் வரை போயிருக்க முடியுமா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. அந்த ஆண்டிலேயே அவர் அபாதானுக்குப் போயிருப்பார் என்று நான் சொல்லமாட்டேன். அதற்கான லாரி அவரிடம் இல்லை. ஆனால் எகிப்து போயிருந்தால் பிரிட்டன் இரண்டு வருடமாகக் கட்டியெழுப்பிய கிடங்குகள், பட்டறைகள், விமானத்தளங்கள் எல்லாம் போயிருக்கும். ரூஸ்வெல்ட் அனுப்பிய 300 ஷெர்மன்களும் எங்கே போய் இறங்கியிருக்கும்? மால்டா பட்டினியில் சரணடைந்திருக்கும். நடுநிலை வகித்த துருக்கி எந்தப் பக்கம் சாய்ந்திருக்கும்? இவை எல்லாவற்றையும் மீட்க நேசநாடுகள் வேறு முனைகளிலிருந்து படைகளை உருவியிருக்க வேண்டும்.

இன்னொன்றைத் தாழ்ந்த குரலில் சொல்லக் கூடாது. பாலஸ்தீனத்தில் அன்று ஏறக்குறைய ஐந்து லட்சம் யூதர்கள் வாழ்ந்தார்கள். ரோமெலின் படைக்குப் பின்னால் போவதற்காக, வால்ட்டர் ராவ்ஃப் என்ற எஸ்.எஸ். அதிகாரியின் தலைமையில் ஒரு தனிக் குழுவை ஜெர்மனி தயார் செய்து ஏதென்ஸில் நிறுத்தியிருந்தது. விஷவாயு வண்டிகளை உருவாக்கும் பொறுப்பில் இருந்தவர் இந்த ராவ்ஃப். ஜூலை 20 அன்று அவர் டோப்ருக்குக்கே பறந்து வந்தார். அந்தக் குழு எகிப்துக்குள் கால் வைக்கவில்லை. காரணம், அலமைன் பிளக்கவில்லை.

நமக்கும் இதில் நேரடித் தொடர்பு உண்டு. 1942 ஏப்ரலில் ஜப்பானிய விமானங்கள் கொழும்பையும் திருகோணமலையையும் தாக்கின. சென்னை நகரம் காலியாகிக்கொண்டிருந்தது. அரசு அலுவலகங்களே உள்நாட்டு ஊர்களுக்கு மாறின. அதற்கு மூன்று மாதம் முன்பு, ஜனவரியில், ஜெர்மனியும் இத்தாலியும் ஜப்பானும் போர்ப் பகுதிகளைப் பிரித்துக்கொண்டன. பிரித்த கோடு கிழக்குத் தீர்க்கரேகை 70 பாகை. அது கட்ச் பகுதியை வெட்டிக்கொண்டு போகிறது. பசிபிக் கடலின் மிட்வேயில் ஜப்பானியக் கடற்படை அடிபட்டதும், அலமைனில் ரோமெல் நின்றதும் ஒரு மாத இடைவெளியில் நடந்தன. ஜெர்மனியின் கரமும் ஜப்பானின் கரமும் நம் கடலில் சந்திக்காமல் போனதற்கு அந்த இரண்டு நிகழ்ச்சிகளும் முக்கியக் காரணம்.

அலமைனின் படைவரிசையில் தமிழர்களும் இருந்தார்கள். 4வது இந்திய டிவிஷனின் பொறியாளர்களில் 12வது ஃபீல்டு கம்பெனி மதராஸ் சாப்பர்ஸைச் சேர்ந்தது. தென்னிந்திய கிராமங்களிலிருந்து போனவர்கள், ராணுவத்தில் ‘தம்பி’ என்று அழைக்கப்பட்டவர்கள். அவர்கள் பிரிட்டிஷ் கொடியின் கீழ் நின்ற அதே ஆகஸ்டில் இங்கே வெள்ளையனே வெளியேறு தீர்மானம் நிறைவேறியது, காந்தியடிகளும் மற்ற தலைவர்களும் சிறைக்குப் போனார்கள். இந்தியரைப் போலவே எகிப்தியரின் விருப்பத்தையும் யாரும் கேட்கவில்லை. அந்த ஆண்டு பிப்ரவரியில்தான் பிரிட்டிஷ் டாங்கிகள் மன்னர் ஃபாரூக்கின் அரண்மனையைச் சூழ்ந்து, தாங்கள் விரும்பியவரைப் பிரதமராக்கின. பின்னாளில் எகிப்தின் அதிபரான அன்வர் சதாத், அந்தக் கோடையில் ஜெர்மன் உளவாளிகளோடு தொடர்பு வைத்ததற்காகக் கைதானார். ஆள்பவனை வெறுப்பதும், வருபவன் அவனைவிடக் கொடியவன் என்று உணர்வதும் ஒரே மனத்தில் இருக்க முடியும். அலமைனில் நின்ற இந்தியச் சிப்பாயின் நிலையை இந்த இரண்டையும் சேர்த்தே புரிந்துகொள்ள வேண்டும். அங்குள்ள போர்க் கல்லறைத் தோட்டத்தில், தங்கள் சமய முறைப்படி எரியூட்டப்பட்ட 600க்கும் மேற்பட்டவர்களுக்குத் தனி நினைவிடம் இருக்கிறது. போகிறவர்கள் அதையும் பாருங்கள்.

அக்டோபர் வெற்றியை நான் குறைக்க வரவில்லை. ஆகஸ்ட் தொடக்கத்தில் சர்ச்சில் கெய்ரோவுக்கு வந்து ஆக்கின்லெக்கை நீக்கினார். எட்டாவது ராணுவத்துக்கு முதலில் தேர்ந்தெடுத்த தளபதி காட், அவர் சென்ற விமானம் சுட்டு வீழ்த்தப்பட்டு இறந்ததால் மான்ட்கோமரி வந்தார். ரோமெலின் கடைசி முயற்சி ஆலம் ஹல்ஃபாவில் ஒரே வாரத்தில் பெட்ரோல் இல்லாமல் முடிந்தது. அக்டோபரில் 1,95,000 பேரும் ஆயிரத்துக்கு மேற்பட்ட டாங்கிகளும் மான்ட்கோமரியிடம் இருந்தார்கள். எதிரே அதில் பாதியளவு டாங்கிகளும், ஏறக்குறைய ஐந்து லட்சம் கண்ணிவெடிகளும். பன்னிரண்டு நாள் சண்டையில் நேசநாடுகள் 13,500 பேரை இழந்தன. நவம்பர் 4 விடியலில் டாங்கிகள் வெளியேற வழிதிறந்த தாக்குதல்களில் ஒன்று 5வது இந்தியப் பிரிகேடுடையது. அந்தக் கண்ணிவெடிகள் பிறகும் பல பத்தாண்டுகள் எகிப்திய ஆடுமேய்ப்பவர்களைக் கொன்றுகொண்டிருந்தன.

இந்தப் போரே தேவையில்லை என்று வாதிடுவோர் உண்டு. நவம்பர் 8 அன்று அமெரிக்கர்கள் மொராக்கோவிலும் அல்ஜீரியாவிலும் இறங்கினார்கள். ரோமெல் தானாகவே பின்வாங்கியிருப்பார் என்பது அவர்கள் வாதம். நான் ஏற்கவில்லை. ஆகஸ்டில் மால்டாவுக்குப் புறப்பட்ட 14 சரக்குக் கப்பல்களில் ஐந்துதான் போய்ச் சேர்ந்தன. டிசம்பருக்கு மேல் தீவில் உணவு இல்லை. கிழக்கு லிபியாவின் மார்ட்டூபா விமானத்தளங்கள் நவம்பர் நடுவில் எட்டாவது ராணுவத்தின் கைக்கு வந்ததால்தான், அடுத்த கப்பல் அணி நவம்பர் 20 அன்று பத்திரமாக மால்டாவை அடைந்தது. இரண்டு மூன்று வாரத் தாமதம்கூட அந்தத் தீவை முடித்திருக்கும். ஆகவே அக்டோபரும் வேண்டியிருந்தது. ஆனால் அக்டோபரில் தோற்றிருந்தால் இன்னொரு முறை முயன்றிருக்கலாம். ஷெர்மன்கள் வந்துகொண்டே இருந்தன. ஜூலையில் தோற்றிருந்தால் மறுபடி முயல இடமே மிஞ்சியிருக்காது. எடை போடுவதற்கு நான் வைத்துக்கொண்ட அளவுகோல் இதுதான்.

ஆக்கின்லெக்குக்கு வந்தது பதவி நீக்கம். வெகுகாலத்துக்குப் பிறகு, 1960இல் வெளிவந்த நூலில் கோரெல்லி பார்னெட் என்ற வரலாற்றாசிரியர் அவருக்காக வாதாடினார். அந்தச் சர்ச்சை இன்னும் ஓயவில்லை. ஆனால் நம் நாட்டுக்கு அவர் ஜூலையோடு முடிந்தவர் அல்லர். 1943 ஜூனில் இந்தியாவின் தலைமைத் தளபதியாகத் திரும்பி வந்தார். பர்மா போர்முனைக்கு ஆளும் உணவும் தளவாடமும் சேர்க்கும் வேலையை ஏற்றார். பர்மாவில் ஜப்பானியரை வென்ற ஜெனரல் ஸ்லிம், தம்முடைய போர் நூலில், ஆக்கின்லெக் இந்தியாவின் பொறுப்பை ஏற்ற நாளை நன்றியோடு குறிப்பிடுகிறார்.